குப்பை வேற, கச வேற

செல்லிக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. மூன்று சக்கரம், பின்னால் நான்கு தொட்டி, சார்ஜ் போட்டுவிட்டால் சத்தமே இல்லாமல் கிளம்புகிற பச்சை நிற பேட்டரி வண்டி. பக்கத்து ஊராட்சியில் அப்படி ஒன்று ஓடுவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கல்யாணத்துக்குக்கூட இப்படி ஏங்கினதில்லை என்று அவளே சொல்வாள். அவள் புருஷன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி எழுந்து போய்விடுவான்.

ஏக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற சிகனப்பள்ளிக்கு செல்லிதான் தூய்மைக் காவலர். காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு கிளம்பி, நாலு தெருவும் சுற்றி, வீட்டுக்கு வீடு வாங்கியதை ஊருக்கு மேலே கரட்டுச் சரிவில் இருக்கும் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூடத்தை அங்கே கட்டச் சொன்னவர் யாரோ, ஒருநாளும் வண்டி தள்ளியிருக்கமாட்டார். மேட்டில் ஏறும்போது செல்லி மூன்று இடத்தில் நிற்பாள். முதலில் புளியமரம், அடுத்தது தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது எங்கே மூச்சு முட்டுகிறதோ அந்த இடம். நாற்பத்துநாலு வயசுக்கு அவள் முட்டிகள் இரண்டும் அறுபது வயசு முனகல் முனகின.

மகள் வினிதாவோ ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், அதே மாதிரி பேட்டரி வண்டிகளுக்கு போல்ட் முடுக்குகிற லைனில் வேலை பார்க்கிறாள். ஒரு ஷிப்டுக்கு இத்தனை வண்டி வெளியே போகிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் செல்லிக்கு வயிறு எரியும். "அத்தனையில ஒண்ணு வழி தப்பி இந்தப் பக்கம் வரக்கூடாதாடி?" என்பாள். வினிதாவுக்கே பாவமாகிவிட்டது. தன் பேட்டரி ஸ்கூட்டரைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் அம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். செல்லி இரண்டு முறை கொடிக்கம்பத்தில் இடித்தாள். மூன்றாவது ஞாயிறு தனியாகவே ஓட்டினாள்.

இந்த நேரத்தில்தான் ஊராட்சிச் செயலர் ராஜப்பன் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். ராஜப்பன் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். போன் அடித்தாலே எழுந்து நின்றுதான் எடுப்பார்.

"மாவட்டத்துலருந்து சுத்தம் பாக்க ஆள் வர்றாங்க. நூத்துக்கு எம்பது மார்க் வாங்குனா ஊருக்கு பேட்டரி வண்டி. எம்பதுக்குக் கொறஞ்சா சர்ட்டிபிகேட்" என்றார்.

"சர்ட்டிபிகேட்ட வெச்சிக்கினு மேடு ஏற முடியுமா சார்?" என்று கேட்டாள் செல்லி.

கேட்டாளே தவிர, அவளுக்குப் பயம் இல்லை. தன் ஊர் எண்பது என்ன, தொண்ணூறே வாங்கும் என்று நம்பினாள். வண்டி வந்தால் யார் ஓட்டுவது என்று மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. அது ஒரு கேள்வி என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் நம்பிக்கைக்குப் பின்னால் இரண்டு வருஷ உழைப்பு இருந்தது. இந்தப் பக்கத்து விவசாய வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குப்பை உண்டு. மூக்கைப் பொத்தவேண்டாம். இங்கே குப்பை என்றால் மாட்டுச் சாணமும் கூளமும் சாம்பலும் சேர்ந்து மக்கிக் கறுத்த எரு. ராகிக் கொல்லைக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் அதுதான் சாப்பாடு. வீட்டின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பையின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் பெண் கொடுக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட குப்பையில், காலம் மாறினதும், பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் உறையும் பிள்ளைகளின் டயப்பரும் சேர்ந்து விழ ஆரம்பித்தன. வெயில் காலத்தில் குப்பையை வண்டி வண்டியாக நிலத்துக்கு ஓட்டினால், மழைக்குப் பிறகு கொல்லையெல்லாம் கலர் கலராகக் கவர் பூத்துக் கிடந்தது.

செல்லி வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெலமங்கலத்துப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே 'மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாத்தயும் பிரிச்சுக் குடுங்க' என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். ஊரே சண்டைக்கு வந்தது. அதில் முன்னால் நின்றவர் மேலத்தெரு சாந்தம்மா. நாலு மாடு, எட்டு ஏக்கர், அதற்கேற்ற குரல். ஊரிலேயே உயரமான குப்பை அவருடையதுதான். "எங்க குப்பைய எதுக்குடி பஞ்சாயத்துக்குக் குடுக்கணும்? உங்கப்பன் ஊட்டுதா?" என்று அவர் கேட்டதும் செல்லி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு மறுபடியும் போனாள். "அம்மா, உங்க குப்பைய நா தொடவே மாட்டன். சத்தியம். அதுல வுளுந்து உங்க நெலத்தக் கெடுக்குதே கவரு, பாட்டலு, அந்தக் கசாவ மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. குப்பை வேற, கச வேற."

கச என்பது கன்னடச் சொல். கூட்டிப் பெருக்கித் தள்ளுகிற, ஒன்றுக்கும் ஆகாத சமாசாரம். தெலுங்கு பேசுகிற வீடுகளிலும் அதைக் கசுவு என்பார்கள், தமிழ் வீடுகளிலும் தெரியும். அந்த ஒரு சொல் நாலு தெருவிலும் உள்ளே இறங்கிவிட்டது. கச குப்பையில் விழுந்தால் நிலத்துக்குக் கேடு என்று மாமியார் மருமகளைத் திட்டினாள், மருமகள் பிள்ளையைத் திட்டினாள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நீல வாளி வந்தது. காலையில் செல்லி தெருமுனையில் நின்று "கசா... கசா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கதவுகள் திறக்கும். ஏரிக்கரை சுத்தமானது, கால்வாய் சுத்தமானது. மாதக் கூட்டத்துக்குக் கெலமங்கலம் போனால் அதிகாரிகளோடு சேர்ந்து அவளும் குப்பை என்றுதான் சொல்வாள், ஊருக்குத் திரும்பினால் கச என்பாள். இரண்டும் வேறு வேறு இடத்துப் பேச்சு என்பது அவள் கவனத்துக்கே வந்ததில்லை.

ஆய்வு நாள் வந்தது. வந்தவள் ஜெயப்ரியா என்ற சின்னப் பெண், திருநெல்வேலிப் பக்கம். தலையில் தொப்பி, கையில் டேப்லெட். அவள் முதலில் பொதுக் கழிப்பறையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், அங்கன்வாடியில் பிள்ளைகள் கை கழுவுவதைப் பார்த்தாள், கால்வாயை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. ராஜப்பன் இளநீரை நீட்டியபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

"இனிமே பத்து வீட்டுல கேக்கணும் சார். எந்த வீடுன்னு டேப்லெட்டே சொல்லும். பஞ்சாயத்து ஆளுங்க யாரும் பக்கத்துல நிக்கக்கூடாது. யாருக்காவது பதில் சொல்லிக்குடுத்தீங்கன்னா மொத்த மார்க்கும் போயிரும்" என்றாள்.

ராஜப்பனும் செல்லியும் தெருவோரப் புங்கமரத்தடியில், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். டேப்லெட் சொன்ன முதல் வீடு சாந்தம்மாவுடையது. செல்லிக்கு மனம் குளிர்ந்தது. நீல வாளியைத் தினமும் முதலில் கொண்டுவருகிற கை அது. தவிர, சாந்தம்மா மெதுவாகப் பேசினாலே புங்கமரம் வரை கேட்கும், அவர் மெதுவாகப் பேசுவதும் இல்லை.

"உங்க வீட்டுல குப்பையெல்லாம் எங்கம்மா போடுதீங்க?" என்று ஆரம்பித்தாள் ஜெயப்ரியா.

"பின்னாலதான். வேற எங்க போடுவாங்க?"

"வீட்டுக்குப் பின்னாலயேவா?"

"ஆமா. எங்க மாமனார் காலத்துலருந்து அதே எடம்தான்."

ஜெயப்ரியாவின் விரல் டேப்லெட்டில் எதையோ தொட்டது.

"எத்தனை நாளைக்கு ஒருக்க எடுப்பீங்க?"

"நாளா? வருசத்துக்கு ஒருக்காதான். மழைக்கு முன்ன."

"வருசத்துக்கு ஒரு தடவையா! அதுவரைக்கும் அப்படியேவா கெடக்கும்? நாத்தம் அடிக்காதா?"

"நல்லா மக்குன குப்பை ஏம்மா நாறும்? பக்கத்துல போயி நின்னு பாரு, வாசமா இருக்கும்."

"பஞ்சாயத்துல இருந்து எடுக்க யாரும் வாறதில்லையா?"

"வரட்டுமே, பாக்கலாம்! இந்தத் தெருவுல எங்கூட்டுக் குப்பை மேல கண்ணு வெக்காத ஆளே இல்ல. ஒரு கூடை குடுக்கமாட்டன்."

ஜெயப்ரியா டேப்லெட்டில் ஒரு பெயரைத் தேடினாள். "தூய்மைக் காவலர் செல்லின்னு ஒருத்தங்க இருக்காங்களே. அவங்க வரலியா?"

"செல்லியா? அவ என் குப்பையத் தொடவே கூடாது. மொதல்லயே பேசிக்கினது. அவளும் தொடமாட்டா. நல்ல பொம்பள."

செல்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இன்று காலையில்கூட இதே கையால் வாளியை நீட்டியவர். எத்தனை வருஷம் அவர் கொல்லையில் களை பறித்திருக்கிறாள், எத்தனை முறை அவர் வாசலில் நின்று சிரித்துப் பேசியிருக்கிறாள். இப்படி நாலு பேர் கேட்கத் தொடக்கூடாது என்று சொல்ல எப்படி மனசு வந்தது? கண்ணில் நீர் முட்டியது. கூடவே கோபமும் வந்ததால் நீர் கீழே விழவில்லை.

"போச்சு" என்றார் ராஜப்பன். "சர்ட்டிபிகேட்டும் போச்சு."

இரண்டாவது வீட்டில் நிலைமை மோசமானது. அந்த வீட்டு மருமகள், குப்பையை வெளியாளுக்குக் காட்டுவதில்லை, திருஷ்டி பட்டுவிடும் என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். மூன்றாவது வீடு கிருஷ்ணப்பனுடையது. அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோதே முகத்தில் ஒரு குறை தெரிந்தது.

"குப்பைதான மேடம்? அதயேன் கேக்கறீங்க. முன்ன மாதிரி சேரவே மாட்டேங்குது. ரெண்டு மாட்ட வெச்சிக்கினு என்ன குப்பை சேரும்?"

"குப்பை கொறைஞ்சா நல்லதுதானே ஐயா?"

"நல்லதா?" கிருஷ்ணப்பன் ஒரு படி கீழே இறங்கி வந்தார். "ஏம்மா, நாங்க சோறு தின்ன வேணாமா? போன வருசம் குப்பை போதாம ராயக்கோட்டையிலருந்து ஒரு டிராக்டர் எறக்குனேன். கவருமெண்ட்ல சொல்லி எதுனா குப்பை குடுத்தாங்கன்னா நல்லா இருக்கும். எழுதிக்கோ."

ஜெயப்ரியா எழுதிக்கொண்டாள். வெளியூரிலிருந்து டிராக்டரில் குப்பையை வரவழைத்துக் கொட்டிக்கொள்கிற ஊரை அவள் வேலைக்கு வந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

புங்கமரத்தடியில் செல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். டிராக்டர் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சாந்தம்மா துரோகம் செய்யவில்லை. அந்த வீட்டு மருமகளும் பொய் சொல்லவில்லை. செல்லி இரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததை மூன்று வீடும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கின்றன. அவ்வளவு நல்ல வாத்தியாராக அவள் இருந்திருக்க வேண்டியதில்லை.

"சார், அவுங்க கேக்கறது கச. இவுங்க சொல்றது குப்பை" என்றாள் ராஜப்பனிடம்.

ராஜப்பனுக்குப் புரிய நாலைந்து மூச்சு பிடித்தது. புரிந்ததும் வியர்த்தது. "அய்யய்யோ! ஓடிப்போயி சொல்லட்டுமா? வேணாம் வேணாம், நாம வாயத் தொறந்தா மொத்த மார்க்கும் போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. செல்லி, நீயும் வாயத் தொறக்காத."

"பதில் சொல்லிக்குடுக்கக்கூடாதுன்னுதான சொன்னாங்க? வேல செய்யக்கூடாதுன்னு சொல்லலியே?"

"என்ன வேல?"

செல்லி தள்ளுவண்டியைத் திருப்பித் தெரு நடுவில் நிறுத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு மட்டுமே அந்தத் தெரு கேட்டிருக்கிற குரலை, பதினொரு மணி வெயிலில், அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"கசா... கசா... கசாவோ!"

முதலில் நாய்கள் எழுந்தன. பிறகு ஒரு கதவு திறந்தது, அடுத்தது திறந்தது, அடுத்தடுத்துத் தெரு முழுக்கத் திறந்தது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, தலையில் எண்ணெய் வழிய, கையில் மாவு ஒட்ட, பெண்கள் நீல வாளிகளோடு ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சாந்தம்மா.

"ஏ செல்லி, உனுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? காத்தால தான வந்து வாங்கிக்கினு போன? அதுக்குள்ள நா கசாவுக்கு எங்கடி போவேன்?" என்று கத்திக்கொண்டே வாளியை நீட்டினார். வாளியில் ஒரே ஒரு பால் கவர் இருந்தது, கழுவினது.

செல்லி வாய் திறக்காமல் அதை வாங்கி வண்டியில் போட்டாள். அடுத்த வாளியில் ஒரு பேஸ்ட் டியூப். அடுத்ததில் ஒன்றுமே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று அந்தம்மா வெறும் வாளியோடு வந்திருந்தாள். நாலாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயப்ரியா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இருபது வாளிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாந்தம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, இது என்னது?"

"கச."

"அப்ப... குப்பை?"

"குப்பையத்தான் அப்பவே சொன்னனே, பின்னால இருக்குதுன்னு. நீதான் உள்ளயே வரல. வா, காட்றன்." சாந்தம்மா அவள் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போனார். மொத்தத் தெருவும் கூடவே போனது. செல்லியும் ராஜப்பனும் மட்டும் விதிக்குக் கட்டுப்பட்டு வேலிக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சாந்தம்மாவின் குப்பை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. ஓரங்களை மட்டமாகத் தட்டி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசியிருந்தார்கள். உச்சியில், எருக்குவியலுக்கே விளக்கு வைக்கிற குப்பைக் கார்த்திகைக்கு ஏற்றிய அகல் ஒன்று எண்ணெய்க் கறையோடு இருந்தது. சாந்தம்மா ஒரு பக்கம் கையை விட்டு இரண்டு பிடி அள்ளி ஜெயப்ரியாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. நாறுதா? இதுல ஒரு கவரு, ஒரு பாட்டலு மூடி, எதுனா எடுத்துக் காட்டு பாக்கலாம். ரெண்டு வருசம் முன்ன வந்திருந்தன்னா கூடை கூடையா எடுத்திருப்ப. இப்ப ஒண்ணு கெடைக்காது. செல்லி வுடமாட்டா. ராட்சசி."

ஜெயப்ரியா அந்தக் கறுப்பு எருவைப் பார்த்தாள், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு அங்கேயே மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்க ஊர்ல இத எருன்னு சொல்லுவோம்மா. நான் என்னல்லாமோ எழுதிட்டேன்!"

"எருன்னு கேட்டிருந்தா எருன்னு சொல்லியிருப்பன். நீ கேட்டது குப்பை" என்றார் சாந்தம்மா. தன் மேல் தப்பு இருப்பதாக அவர் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்று வீட்டுப் பதில்களும் ஏற்கெனவே போய்விட்டன, அழிக்க முடியாது என்றாள் ஜெயப்ரியா. ஆனால் குறிப்பு எழுதலாம், படம் இணைக்கலாம். குப்பையைப் படம் எடுத்தாள், நீல வாளிகளோடு பெண்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தாள், குறிப்பைத் தட்டித் தட்டி வெகுநேரம் எழுதினாள். மீதி ஏழு வீட்டில் அவள் குப்பை என்ற சொல்லை எடுக்கவே இல்லை. "உங்க வீட்டுல கச எங்க போடுதீங்க?" என்றுதான் கேட்டாள். திருநெல்வேலித் தமிழில் அந்தக் கன்னடச் சொல்லைக் கேட்டு ஏழு வீடும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது.

ஐந்து வாரம் கழித்து மார்க் வந்தது. எண்பத்தொன்று. ராஜப்பன் போனை நின்றபடியே கேட்டுவிட்டு, முதல்முறையாக உட்கார்ந்தார். செல்லி தரம் பிரிக்கும் கூடத்தில் கையுறையோடு ஒரு ஆட்டம் போட்டாள். பார்க்க யாரும் இல்லாததால் இன்னும் கொஞ்சம் ஆடினாள்.

வண்டி வந்து இறங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மாலை போட்டார்கள். செல்லி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராஜப்பன் சாவியை எடுத்தார், நாலு பேரைப் பார்த்துச் சிரித்தார், தன் அக்கா மகன் பிரதாப்பின் கையில் கொடுத்தார்.

"பையன் சும்மாதான் இருக்கறான், நல்லாவும் ஓட்டுவான். நீ ஏன் செல்லி இந்த வயசுல வண்டி ஓட்டிக்கினு கஷ்டப்படணும்? நீ மேல கூடத்துல உக்காந்து பிரிச்சினா போதும்" என்றார். அவர் உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், அதனால் அது இன்னும் வலித்தது. வண்டி தள்ளினவள் அவள், மேடு ஏறினவள் அவள், மார்க் வாங்கித் தந்ததும் அவள். ஓட்டுவதற்கு மட்டும் வேறு ஆள். செல்லி வீட்டுக்குப் போய்ப் புடவையை மடித்து வைத்துவிட்டு அழுதாள். வினிதா, "நா வந்து கேக்கறேம்மா" என்று குதித்தாள். "வேணாம், இரு" என்றாள் செல்லி.

மறுநாள் காலை பிரதாப் பேட்டரி வண்டியை அலுங்காமல் ஓட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனான். வண்டியில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் பதிவு செய்த பெண் குரல் ஒன்று சுத்தமான தமிழில் பேசியது. "அன்பார்ந்த பொதுமக்களே, தங்கள் இல்லத்தில் சேரும் குப்பைகளை எங்களிடம் வழங்கி ஒத்துழைப்புத் தாருங்கள்."

ஒரு கதவும் திறக்கவில்லை. பிரதாப் சத்தத்தைக் கூட்டினான். கதவு ஒன்று திறந்தது. சாந்தம்மா வெளியே வந்தார், கையில் வாளி இல்லை, துடைப்பம் இருந்தது.

"ஏன்டா, ஒரு வருசம் பாடுபட்டு சேத்த குப்பைய, மைக் போட்டா கேக்கற? உங்க மாமன் சொல்லி அனுப்பிச்சானா?"

"அது இல்லீங்க, மக்கும் குப்பை, மக்காத குப்பை..."

"மக்குனதும் குடுக்கமாட்டன், மக்காததும் குடுக்கமாட்டன். போடா!"

மூன்று நாள் வண்டி காலியாகவே மேடு ஏறி, காலியாகவே இறங்கியது. நீல வாளிகள் நிரம்பி வழிந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் பத்துப் பதினைந்து பெண்கள் ஊராட்சி அலுவலகத்துக்கே வந்து, செல்லி ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். வண்டிதான் தினமும் வருகிறதே என்றார் ராஜப்பன். அது ஏதோ எரு கேட்கிற வண்டி, எங்களுக்குக் கச வண்டி வேண்டும் என்றார் சாந்தம்மா.

ராஜப்பன் அன்று சாயங்காலமே கூடத்துக்கு ஏறி வந்தார். பிரதாப்பும் பின்னால் வந்தான். மேடு ஏறிய களைப்பில் ராஜப்பனுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்த் தொட்டியருகே அவர் நின்று நின்று வந்ததைச் செல்லி மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செல்லி, நாளையிலருந்து நீ வண்டியில பிரதாப் பக்கத்துல உக்காந்துக்கோ. அவன் ஓட்டட்டும். நீ சும்மா குரல் மட்டும் குடு" என்றார்.

செல்லி கையுறையைக் கழற்றினாள். அவள் இந்த மூன்று நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

"பக்கத்துல உக்காந்தா தொண்ட வராதுங்க சார்" என்றாள். "ஹேண்டில புடிச்சாதான் வரும்."

ராஜப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரதாப் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டான். "குடுத்துடலாம் மாமா. அன்னிக்கி தொடப்பம், நாளைக்கி அந்தம்மா எது எடுக்கும்னு தெரியாது" என்று சொல்லி, சாவியைச் செல்லியிடம் நீட்டினான். ராஜப்பன் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மேட்டுல எப்படி இத்தன நாள் தள்ளுன?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு செல்லி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு நாலு தெருவும் ஓட்டினாள். கூப்பிடுவதற்கு முன்பே பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். நான்கு நாள் கச, நான்கு தொட்டியும் பிதுங்கியது. பிறகு கரட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். புளியமரம் வந்தது, போனது. தண்ணீர்த் தொட்டி வந்தது, போனது. மூச்சு முட்டுகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியவே இல்லை, அதற்குள் கூடம் வந்துவிட்டது. இறங்கி நின்று பார்த்தாள். முட்டி முனகவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு, காலி வண்டியைத் திருப்பி அடிவாரம் வரை கொண்டுவந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, சும்மாவே, அதே மேட்டில் மறுபடியும் ஏறினாள்.